மேலே போனதும் உங்கள் நாக்கு மாறிவிடும்! விமானத்தில் என்ன சாப்பிடலாம், பையில் என்ன வைக்கலாம்?

(காட்சி: இருக்கைக்கு முன்னால் விரித்த சிறிய மேசை. அதன்மேல் ஒரு காலிப் பிளாஸ்டிக் பாட்டில்.)

இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். நடுவானில் இதில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கித் திருகி, முன் இருக்கையின் பையில் செருகி வைத்தேன். அப்போது கிண்ணென்று இருந்தது. தரை இறங்கியதும் எடுத்துப் பார்த்தால் இடுப்பு ஒட்டிப்போய், ஒரு பக்கம் உள்ளே குழிந்து கிடக்கிறது. யாரும் கை வைக்கவில்லை. காற்றுதான் அமுக்கியிருக்கிறது.

மூடியைத் திறக்கிறேன், சத்தத்தைக் கேளுங்கள்.

(உஸ்ஸ்ஸ்...)

மேலே மூடியபோது உள்ளே சிக்கியது அழுத்தம் குறைந்த காற்று. கீழே வந்ததும் வெளிக்காற்றின் கை ஓங்கிவிட்டது. விமானம் ஏறும்போது இதற்கு நேர் எதிரான வேலை உங்கள் வயிற்றுக்குள் நடக்கிறது. அது மட்டுமா? மேலே போனதும் உங்கள் நாக்கும் வேறு நாக்காகிவிடுகிறது. இது தெரியாமல் கையில் கிடைத்ததைப் பையில் அடைத்துக்கொண்டு போகிறோம், கொடுப்பதை எல்லாம் சாப்பிடுகிறோம், கடைசியில் வயிறு உப்பி, தொண்டை காய்ந்து இறங்குகிறோம்.

வணக்கம் நண்பர்களே! இன்றைய வீடியோவில் விமானச் சாப்பாடும் பை கட்டுவதும். அடுத்த மாதம் டிக்கெட் போட்டிருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இப்போதே அனுப்பி வையுங்கள், அவருக்கு நிச்சயம் உதவும்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுகிறேன். விமானம் பறப்பது 35,000 அடி உயரத்தில். உள்ளே இருக்கும் காற்றழுத்தமோ, நீங்கள் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. 8,000 அடி என்றால் தரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழுத்தம். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, ஏனென்றால் அந்த உயரத்தில் வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றில் ஈரமே கிடையாது. கூடவே எஞ்சின் இரைச்சல், 80, 85 டெசிபல். அழுத்தம் குறைவு, ஈரம் குறைவு, சத்தம் அதிகம். இந்த மூன்றும் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தக்காளிச் சாறு!

(காட்சி: ஒரு கண்ணாடிக் கோப்பை நிறையத் தக்காளிச் சாறு.)

ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தது. தரையில் யாரும் அவ்வளவாகக் கேட்காத தக்காளிச் சாற்றை, விமானத்தில் பயணிகள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அதுவும் ஜெர்மனிக்காரர்கள் பீர் குடிக்கும் அளவுக்கு நெருக்கமாக! இது என்ன கூத்து என்று கண்டுபிடிக்க, மியூனிக் அருகே ஹோல்ஸ்கிர்ஷனில் இருக்கும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டார்கள். அங்கே ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடல்பகுதி ஒன்றை அழுத்தம் குறைக்கும் பெரிய குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள். விமானம் பறக்காது, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் பறப்பது போலவே இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தார்கள், காற்றை உலர்த்தினார்கள், எஞ்சின் சத்தத்தை ஓடவிட்டார்கள், ஆட்களை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள்.

2010-ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு இதுதான். உப்பையும் இனிப்பையும் நாக்கு உணர்வது 30 சதவீதம் வரை குறைந்துபோகிறது. புளிப்பும் கசப்பும் அவ்வளவாக மாறவில்லை. தக்காளிச் சாறு? தரையில் மண்வாடை அடிக்கிறது என்று சொன்னார்கள். அதே சாறு குறைந்த அழுத்தத்தில் பழவாசனையோடு, இனிப்பாக, புத்துணர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். சாறு அதேதான், மாறியது குடிப்பவரின் வாயும் மூக்கும்.

சளி பிடித்திருக்கும்போது சாப்பிட்டது நினைவிருக்கிறதா? எதைத் தின்றாலும் சப்பென்று இருக்கும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்கின் வேலை. வறண்ட காற்றில் மூக்கின் உள்சவ்வு காய்ந்துவிட்டால் மணம் சரியாக ஏறாது. லேசான சளியோடு சாப்பிடுவது போலத்தான் எல்லாரும் மேலே சாப்பிடுகிறோம்.

இன்னும் இருக்கிறது, இதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம். காதுக்கும் இதில் பங்கு உண்டு! 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், விமான இரைச்சலைக் காதில் 85 டெசிபல் அளவில் ஒலிக்கவிட்டு ஆட்களைச் சுவைக்கச் சொன்னார்கள். இனிப்பு மங்கியது. ஆனால் உமாமி கூடியது. உமாமி என்றால் ஐந்தாவது சுவை, 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துப் பெயர் வைத்தது. அது எதில் நிறைய இருக்கிறது? காளானில், நாள்பட்ட பாலாடைக்கட்டியில், அப்புறம் நம் தக்காளியில். பார்த்தீர்களா, எங்கே ஆரம்பித்தோம், எங்கே வந்து நிற்கிறோம்!

சரி, இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். நாக்குக்கு உப்பு தெரியவில்லை என்பதால் விமானத்துக்குச் சமைப்பவர்கள் உப்பையும் மசாலாவையும் கூட்டியே போடுகிறார்கள். அதற்கு மேல் தட்டில் இருக்கும் உப்புப் பொட்டலத்தையும் கிழித்துக் கொட்டிக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. நாக்கு கவனிக்கவில்லை என்பதற்காகச் சிறுநீரகம் கணக்கு எழுதாமல் விட்டுவிடாது. அதனால் அந்தப் பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றால், உப்புக்குப் பதிலாக உமாமியைக் கட்டி எடுத்துப்போகிறேன். ஒரு சிறிய டப்பாவில் செர்ரி தக்காளி, வதக்கி ஆறவைத்த காளான், இரண்டு துண்டு கெட்டியான பாலாடைக்கட்டி, ஒரு கைப்பிடி வால்நட். மேலே போய்த் திறந்து ஒரு செர்ரி தக்காளியை வாயில் போட்டுக் கடித்தால், அந்தச் சாறு தெறிக்கும்போது வேறு எதுவுமே வேண்டாம் என்று தோன்றும். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோன் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாய், கழற்றிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்ன தெரிந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

தேநீர்ப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 8,000 அடிக்குரிய அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. தேயிலை சரியாக இறங்காமல் இருப்பது அதனால்தான், பணிப்பெண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தது வயிறு. உப்பிப்போன சிப்ஸ் பொட்டலத்தை விமானத்தில் பார்த்திருப்பீர்கள், தலையணை மாதிரி. வெளி அழுத்தம் முக்காலாகக் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. குடலில் இருக்கும் காற்றுக்கும் அதே விதி. அதனால் கிளம்புவதற்கு முந்தைய வேளையில் பீன்ஸ் வகைகள், முட்டைக்கோஸ், பிராக்கோலி, நிறைய வெங்காயம், சோடா பானங்கள் வேண்டாம். சூயிங் கம் மெல்லும்போதும் காற்றை விழுங்குகிறோம், காது அடைத்தால் மட்டும் மெல்லுங்கள். இதையும் மீறிக் காற்று சேர்ந்துவிட்டால்? 2013-இல் நியூசிலாந்து மருத்துவ இதழில் மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது, அடக்காதீர்கள், வெளியே விடுங்கள். கூச்சப்பட்டு வலியோடு உட்கார்ந்திருப்பதைவிடக் கழிவறை வரை ஒரு நடை போய்வாருங்கள், காலுக்கும் நல்லது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

மது பற்றி நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஜெர்மனியில் 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், விமானத்துக்குரிய அழுத்தத்தில் மது அருந்திவிட்டுத் தூங்கிய ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. தண்ணீர் குடியுங்கள். காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது பை கட்டலாம். முதல் விதி, ஊற்ற முடிந்தால், தடவ முடிந்தால், பிழிய முடிந்தால், அது திரவம்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு விமான நிலையத்தின் சோதனை மேசை. நீண்ட பயணத்துக்கு நல்ல புரதம் என்று ஒரு முழுப் புட்டி வேர்க்கடலை வெண்ணெய் வைத்திருந்தேன், சீல் பிரிக்காதது. அதிகாரி எடுத்துப் பார்த்தார், புட்டியைச் சாய்த்தார், உள்ளே எதுவும் அசையவில்லை. "இது திரவம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பைத்தொட்டியில் அது 'டொக்' என்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2006-இல் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று லண்டனில் பிடிபட்ட பிறகு வந்தது, கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டி கூடாது என்ற இந்த விதி. தயிர், தேன், ஜாம், தடவும் பாலாடைக்கட்டி எல்லாம் இதில் அடங்கும். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் திரும்பி வரும் இடத்தில் அந்த ஸ்கேனர் இருக்கவேண்டுமே! அதே வெண்ணெயை இரண்டு ரொட்டிக்கு நடுவே தடவி எடுத்துப்போனால் அது சாண்ட்விச், பிரச்சினையே இல்லை. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

சாப்பாட்டு டப்பாவைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். வெடிபொருள்களும் அதே நிறம்தான். அதனால்தான் ஒரு கட்டிப் பாலாடைக்கட்டிக்காக உங்கள் பை முழுவதும் வெளியே வருகிறது. மேலேயே இருந்தால் நீங்களே எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம்.

கெட்டுப்போகும் பண்டத்துக்கு 2 மணி நேரம்தான் கணக்கு. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் கிடுகிடுவென்று பெருகும். அவித்த முட்டை, இறைச்சி வைத்த சாண்ட்விச், என் காளான், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் கிளம்பும் நிமிடம் வரை குளிர்ப்பெட்டியில் வையுங்கள், பயணத்தில் முதலில் அவற்றைச் சாப்பிட்டு முடியுங்கள். கூடவே ஒரு பை திராட்சையை உறையவைத்து எடுத்துப்போங்கள். ஐஸ் கட்டியின் வேலையைக் கொஞ்ச நேரம் அது பார்க்கும், உருகியதும் நீங்களே சாப்பிட்டுவிடலாம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பண்டம் எனக்குத் தெரியவில்லை! நீண்ட பயணத்தின் பின்பாதிக்குக் கொட்டைகள், உலர்பழம், முழு ஆப்பிள். வாழைப்பழம் என்றால் கெட்டியான டப்பாவுக்குள் மட்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டே வாழைப்பழ வாசனை அடிக்கும். கொட்டையைப் பிரிக்கும் முன் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒவ்வாமை உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மருந்தும் ஒரு மாற்று உடையும் எப்போதும் கைப்பையில். பவர்பேங்கும் கைப்பையில்தான், 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம்.

உணவு கட்ட நேரமில்லையா? சிறப்பு உணவு முன்பதிவு செய்யுங்கள், பல நிறுவனங்களில் 24 மணி நேரம் முன்பே சொல்லவேண்டும், சிலவற்றில் 48. அதற்கான குறியீடுகள்: நீரிழிவுக்கு டிபிஎம்எல், உப்பு குறைவுக்கு எல்எஸ்எம்எல், பழத்தட்டுக்கு எஃப்பிஎம்எல். இவை பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். என் ஓட்டு பழத்தட்டுக்கு.

கடைசியாக ஒன்று, இதைத் தவறவிடாதீர்கள். 2022-இல் பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கிய பயணி ஒருவரின் பையில் முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மஃபினும் ஒரு ஹாம் குரோசாங்கும் இருந்தன. அறிவிக்கவில்லை. மோப்பநாய் கண்டுபிடித்தது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர்! அப்போது இந்தோனேசியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியிருந்தது. ஒரு துண்டு இறைச்சி வழியாக அது உள்ளே வந்துவிட்டால் ஒரு நாட்டின் கால்நடை வளர்ப்பே ஆட்டம் கண்டுவிடும், அவர்கள் பயப்படுவது நியாயம்தான். விமானத்தில் அவர்களே கொடுத்த பழமாக இருந்தாலும் விதி ஒன்றுதான். தரை இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் டப்பாவைத் திறந்து பாருங்கள். மிச்சம் ஓர் ஆப்பிள் இருந்தால் அப்போதே கடித்துத் தின்றுவிடுங்கள், முடியாவிட்டால் விமானத்திலேயே குப்பையாகக் கொடுத்துவிடுங்கள், அல்லது நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில், உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி அதிகாரியிடம் காட்டுங்கள்.