டர்பனில் "ஷேம்" என்றால் பதறாதீர்கள்

வணக்கம் மக்களே! தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து பேசுகிறேன். நடுவில் நாய் குரைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான்: ஷேம்.

மதுரையில், சின்ன வயதில் டவுசர் போடாமல் ஓடினால் "ஷேம் ஷேம் பப்பி ஷேம்" என்று கைதட்டிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஷேம் அவ்வளவுதான். இங்கே வந்த முதல் வாரம், எதிர்வீட்டு ஆண்ட்டியிடம் இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றேன். கன்னத்தில் கை வைத்து, "ஷேம்!" என்றார். 1860 நவம்பரில் மதராஸில் இருந்து ட்ரூரோ கப்பல் வந்த காலம் தொட்டு இங்கே தமிழர்கள் உண்டு; ஆனால் இப்போது பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலம்தான். அதனால் ஆண்ட்டி சொன்னது ஆங்கில ஷேம்தான், என் காதில் தப்பாக விழவில்லை. காய்ச்சல் வந்ததற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் அதே ஆண்ட்டி சுடச்சுட ரசத்தோடு வாசலில் நிற்கிறார்!

அப்புறம்தான் புரிந்தது, அது நம் "ஐயோ பாவம்". இந்தியர் மட்டுமல்ல, தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் இப்படிச் சொல்கிறார்கள். முன்னால் இங்கத்திய ஆஃப்ரிகான்ஸ் மொழியின் "ஆஹ்" ஒன்றைச் சேர்த்து "ஆஹ் ஷேம்" என்றால் இரக்கம் இன்னும் தூக்கல். நாமும் அப்படித்தானே? கொலை செய்தாலும் பாவம், மழையில் நனைகிற பூனைக்குட்டியும் பாவம். யாராவது குழம்புகிறோமா?

இவர்கள் இன்னும் ஒரு படி மேல். கோயிலில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைப் பார்த்தாலும் "ஷேம், என்ன அழகு!" இந்த இடத்தில் நம் பாவம் உதவாது, "அச்சோ செல்லம்" என்றால்தான் சரி.

மற்ற நாட்டு ஆங்கிலத்தில் "வாட் எ ஷேம்" என்றால் "அடடா" அவ்வளவுதான். "ஷேம் ஆன் யூ" மட்டும் எங்கே போனாலும் திட்டுதான், இங்கேயும். இன்னொன்று, மேடை ஏறக் கூச்சமாக இருந்தால் அது ஷேம் இல்லை, ஷை. நாம் இரண்டுக்கும் வெட்கம் என்றே சொல்லிப் பழகியதால் தடுமாறுகிறோம்.

எனக்கும் இந்த ஷேம் தொற்றிக்கொண்டது. போன வாரம் அம்மா போனில் மூட்டுவலி என்றார். வாயில் பட்டென்று வந்துவிட்டது, "ஷேம் மா".

"எனக்கு எதுக்குடா ஷேம்?"

கட் பண்ணிவிட்டார். அம்மா, இதைப் பார்த்தால் ஒரு போன் போடு.