பத்தரை மணி பிரியாணி

நேயர்களுக்கு வணக்கம். மலை வீட்ல ஃப்ரெண்ட்ஸோட ஒரு சாயங்காலம், இதைப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு டபரா வேகாத அரிசிதான், அதையே சொல்லிடுறேன்.

போன டிசம்பர்ல நாங்க ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், எல்லாருக்கும் அம்பது தாண்டியாச்சு, வீட்டுக்காரர் புள்ளைங்க யாரும் வேணாம் நாம மட்டும்னு முடிவு பண்ணி, இ-பாஸ் எடுத்து, மதுரையில இருந்து கிளம்பி, வத்தலக்குண்டுல ஒரு டீ குடிச்சுட்டு கொடைக்கானல் ஏறினோம். வில்பட்டி பக்கம் ஒரு வில்லா. சொகுசுன்னா அப்படி ஒரு சொகுசு. பாத்ரூமே எங்க வீட்டு ஹால் அளவு. ஹால்ல ஒரு பக்கம் சுவரே கிடையாது, தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, வாடகைல பாதி அந்தக் கண்ணாடிக்குத்தான் இருக்கும். அஞ்சரைக்கு அது வழியா பாத்தா மலைப்பூண்டு வயல் படிப்படியா கீழ இறங்குது, 2019ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே பூண்டு. ஆறு மணிக்கு மேகம் ஏறிச்சு, அவ்வளவுதான், நனைஞ்ச வேட்டியைத் தொங்கவிட்ட மாதிரி கண்ணாடி பூரா வெள்ளை.

கொடைக்கானல்ல இந்த லீவு வீடெல்லாம் எப்படி வந்துச்சுன்னா, மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிங்க நோயில ஆளுங்களைப் பறிகொடுத்துட்டு 1845ல இங்க ஏறி வந்து ரெண்டு பங்களாவுல தங்கினாங்க. அவங்க உயிர் பிழைக்க வந்தாங்க, நாங்க அடுப்படியில இருந்து தப்பிக்க வந்தோம். அப்படியும் ஒருத்திக்குக் கை சும்மா இருக்கல. ஊர்ல இருந்தே சீரக சம்பா, மசாலா எல்லாம் கட்டிக் கொண்டுவந்து "நான் பிரியாணி போடுறேன், எவளும் உள்ள வராதீங்கடி"ன்னு போயிட்டா.

எட்டு மணிக்கு மூடியைத் திறந்தா அரிசி நறுக்கு நறுக்குங்குது. இன்னும் கொஞ்சம் தண்ணி, இன்னும் கால் மணி நேரம், அப்பவும் அதே கதை. விஷயம் இதுதான், நம்ம ஊர்ல தண்ணி 100 டிகிரில கொதிக்கும், ஏழாயிரம் அடி உயரத்துல காத்தோட அழுத்தம் கம்மி, 93 டிகிரி வந்ததுமே தளதளன்னு கொதிச்சிரும், பாக்கத்தான் கொதி, சூடு பத்தாது. நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, ஆனா இதைச் சொன்னது வாட்ச்மேன் அண்ணனோட வீட்டம்மா. "மேல ஏறிட்டா எதுக்கும் குக்கர்தாம்மா." அந்த கிச்சன்ல ஓவன் இருக்கு, காபி மெஷின் இருக்கு, குக்கர் மட்டும் இல்ல. அவங்க வீட்டு அஞ்சு லிட்டர் குக்கரை எடுத்துட்டு வந்தாங்க, மூணு தடவையா பிரிச்சுப் பிரிச்சு வெச்சோம்.

அதுக்குள்ள அண்ணன் ஃபயர்பிளேஸ்ல சீகை விறகு போட்டுக் குடுத்தார். முன்னாடியே நாங்களா பத்த வெச்சு வீடு பூரா புகை, புகைபோக்கிக்குள்ள இருக்குற தகரத் தட்டைத் திறக்கணும்னு யாருக்குத் தெரியும். தீ நல்லா அடங்கி தணலானதும் முழுப் பூண்டு நாலை அதுல போட்டார். தோல் கருகி வெடிச்சதும் எடுத்து, கை சுடச்சுட அமுக்கினா ஒவ்வொரு பல்லும் வெண்ணெய் மாதிரி வழிஞ்சு வருது, கொஞ்சம் உப்பு தொட்டு நாக்குல வெச்சா, அடடா. பாத்டப்பையெல்லாம் அதுக்கு அப்புறம் யாரும் எட்டிக்கூட பாக்கல.

ஒன்பதே காலுக்கு ஒருத்திக்கு ஃபோன், வீட்டுக்காரர்தான், நெய் டப்பா எங்கன்னு. ரெண்டாவது தட்டுல கறுப்பு டப்பாவுக்குப் பின்னாடின்னு இங்க இருந்தே கண்ணை மூடிக்கிட்டு சொல்றா. எங்க வீட்லயும் எட்டு மணிக்கு தட்டுல சோறு விழுந்தாகணும், இருபத்தேழு வருஷமா அப்படித்தான், அஞ்சு நிமிஷம் லேட்டானா ஹால்ல இருந்து ஒரு இருமல் சத்தம் வரும். இங்க பசி வயித்தைக் கிள்ளுது, குக்கர் விசில் அடிக்குது, ஒருத்தியும் எந்திரிக்கல.

பத்தரைக்கு பிரியாணி வந்துச்சு. நல்லா குழைஞ்சு போயி, கிட்டத்தட்ட பொங்கல். "குழைஞ்சிருச்சுல்லடி?"ன்னு பாவமா கேட்டா. "ஆமாடி, இன்னொரு கரண்டி போடு"ன்னோம்.

சாப்பிட்டு முடிக்கிறப்போ மேகம் விலகி, கண்ணாடியில பழனிப் பக்கம் கீழ லைட்டெல்லாம் பொட்டுப் பொட்டா தெரிய ஆரம்பிச்சது. உக்காந்த இடத்துல இருந்தே பாத்துக்கிட்டோம். குக்கரைக் கழுவிக் குடுக்கணும்டின்னு ஒருத்தி சொன்னா, சொல்லிட்டு போர்வையை இழுத்துக்கிட்டு திரும்பவும் சாஞ்சுட்டா.