ஒரு ஸ்பூன் எண்ணெயும் காற்றின் பிடியும்

வணக்கம். காற்று கடலுக்கு என்ன கொடுக்கிறது, கடல் காற்றுக்கு என்ன கொடுக்கிறது என்று பேசச் சொன்னார்கள். கணக்கு வேண்டாம், எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன்.

1757-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 96 கப்பல்களோடு சேர்ந்து கடலில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு கப்பல்களுக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் வழவழவென்று கிடந்தது. விசாரித்தால், சமையல்காரர்கள் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்றார் கேப்டன், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்.

மனிதர் விடவில்லை. பல வருடம் கழித்து லண்டனை அடுத்த கிளாப்ஹாமில் ஒரு பெரிய குளத்தில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். முதலில் அலை பெரிதாக இருந்த கரையில். காற்று அதைக் கரைக்கே திருப்பித் தள்ளிவிட்டது. அப்புறம் எதிர்ப்பக்கம் போனார், அலை பிறக்கிற பக்கம். ஒரு டீஸ்பூன்தான் ஊற்றினார். அரை ஏக்கர் அளவுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது!

ஏன்? வழவழப்பான பரப்பைக் காற்றால் தேய்க்க மட்டுமே முடியும். தள்ள வேண்டுமென்றால் ஒரு மேடு வேண்டும். 1957-இல் பிலிப்ஸ், மைல்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். காற்றின் தாறுமாறான அழுத்தம் சிற்றலையைக் கிளப்புகிறது என்றார் பிலிப்ஸ். சிற்றலை வந்ததும் காற்று படும் அதன் முதுகில் அழுத்தம் கூடுகிறது, முன்பக்கம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் தள்ளுகிறது என்பது மைல்ஸ் காட்டிய வழி. அலை வளர வளர அது காற்றிடம் வாங்கும் உந்தமும், அதாவது தள்ளலால் சேரும் இயக்கமும், கூடும், வட்டி குட்டி போடுவது போல. எண்ணெய்ப் படலம் அந்தச் சிற்றலையையே அடக்கிவிடுகிறது. காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை.

1773 அக்டோபரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பிராங்க்ளின் தோற்றார். எனக்குப் பிடித்தது அந்தத் தோல்விதான். படகு இறங்க வசதியாகக் கரையில் மோதும் அலையைத் தணிக்க நினைத்து எண்ணெய் ஊற்றினார், அலை தணியவில்லை. அந்த அலை உந்தத்தை எங்கோ முன்பே வாங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் புது வரவைத்தான் நிறுத்தும், பழைய சேமிப்பைத் தொடாது. ஆனால் எண்ணெய் பரவிய இடத்தில் வெள்ளை நுரை எழவில்லை.

அந்த நுரை சாதாரண விஷயமில்லை. அலை உடையும்போது தன் உந்தத்தைக் கீழே இருக்கும் நீருக்குக் கொடுக்கிறது, அதுவே நீரோட்டமாகிறது. கூடவே காற்றையும் விழுங்குகிறது. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் குமிழிகளாக உள்ளே போகின்றன. குமிழி மேலே வந்து வெடித்தால் உப்புத் துளிகள் பறக்கும். அவை காய்ந்து மிஞ்சும் உப்புத் துகளைச் சுற்றி மேகத் துளி உருவாகும். சரி, அலை உடையாவிட்டால்? சிற்றலையே மேல்தோலைக் கலக்கி வாயுவைக் கடத்தும். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்வது இந்தத் தோல் வழியாகத்தான். மிதவை உயிரிகள் விடும் கொழுப்பு படலமாகப் படிந்த இடங்களில் சிற்றலை படுத்துவிடுகிறது, வாயு போவதும் மந்தமாகிறது.