எண்ணெய் நீவி அனுப்பிய பிள்ளை

(சிறாரைப் படையில் சேர்ப்பதற்கு எதிரான பன்னாட்டு நாளான பிப்ரவரி 12 அன்று, மதுரையில் கல்லூரி மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோருக்கு வணக்கம். இந்தக் கூட்டத்தைத் தாங்களே திட்டமிட்டு, தாங்களே அழைப்பிதழ் அடித்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம்.

புறநானூற்றின் 279ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். அந்த ஒக்கூர் எங்கள் ஒக்கூர்தான் என்று சிவகங்கைச் சீமையில் உரிமை கொண்டாடுகிறார்கள். அப்படியானால் அவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒரு பெண்ணின் கதை அது. முன்னொரு நாள் போரில் அவள் பிறந்த வீட்டு ஆண் யானையை எறிந்து களத்திலே வீழ்ந்தான். நேற்று நடந்த போரில் கணவன் போனான். இன்று மறுபடியும் பறை கேட்கிறது. அவள் தன் மகனைக் கூப்பிடுகிறாள். கையில் வேலைக் கொடுக்கிறாள், வெள்ளை ஆடை உடுத்துகிறாள், அவனுடைய பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவிச் சீவிவிடுகிறாள், போ என்று அனுப்புகிறாள். ‘ஒருமகன் அல்லது இல்லோள்’ என்று மாசாத்தியார் ஒரு வரி வைக்கிறார். அந்த ஒருவனைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை.

இதை நாம் எல்லாரும் பள்ளியில் படித்தோம், மனப்பாடம் செய்தோம், ‘வீரத்தாய்’ என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். தன் தலையைத் தானே சீவிக்கொள்ளத் தெரியாத பிள்ளை அவன் என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று கவனித்தோம்? புலவர் கவனித்திருக்கிறார். கவனித்ததால்தான் அந்த எண்ணெயைப் பாட்டுக்குள் வைத்தார். இந்தத் துணிவைக் கண்டு அவர் வியக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வியப்புக்குள் ஒரு நடுக்கமும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நாம் நடுக்கத்தை விட்டுவிட்டு வியப்பை மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறோம்.

அந்த வியப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். துப்பாக்கி தூக்கிய பிள்ளையைப் பார்த்து ஊர் கைதட்டுகிற வரைக்கும் பிள்ளை பிடிக்கிறவனுக்கு வேலை சுலபம்.

பிள்ளைகளை ஏன் பிடிக்கிறார்கள்? போன மாதம் இந்த மாணவர்கள் திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போய் ஒன்று செய்து காட்டினார்கள். நானும் உடன் இருந்தேன். நான்கு கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டி, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தார்கள். உயரம் நாலரை அடிகூட இருக்க மாட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பறையைச் சிரித்துக்கொண்டே இரண்டு சுற்று ஓடி வந்தான். மற்ற பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அதன் பிறகு, ஏகே-47 துப்பாக்கியின் எடை ஏறத்தாழ இவ்வளவுதான் என்று மாணவர்களில் ஒரு தங்கை சொன்னாள். வகுப்பு அடங்கிவிட்டது. ஆள் வளர்ந்தால்தான் தூக்க முடியும் என்றிருந்த ஆயுதங்களின் காலம் போய்விட்டது. பன்னிரண்டு வயதுக் கை தூக்கலாம், சுடலாம், கழற்றி மாட்டலாம்.

அத்தோடு, பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிடும். சம்பளம் கேட்காது. அடித்தால் பணியும், தட்டிக் கொடுத்தால் உயிரையே கொடுக்கும். சாவு என்றால் என்ன என்று அதற்கு முழுதாகத் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் தளபதிகள் துணிச்சல் என்று பெயரிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாப் பிள்ளைகள் கையிலும் துப்பாக்கி இருப்பதும் இல்லை. சுமை தூக்குவது, சோறு ஆக்குவது, வேவு பார்ப்பது, சோதனைச் சாவடியில் நிற்பது, பெண் பிள்ளைகள் என்றால் தளபதிக்கு ‘மனைவி’ ஆக்கப்படுவது, இவை எல்லாமே இதில் சேரும். 2007இல் பாரிஸ் நகரில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சியரா லியோனில் போர் ஓய்ந்து ஆயுதங்களைத் திரும்பப் பெற்றபோது, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்தவருக்கே மறுவாழ்வு உதவி என்ற முறை வைத்தார்கள். சமையல்கட்டிலும் கூடாரத்திலும் அடைபட்டுக் கிடந்த சிறுமிகளிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லை. அவர்களில் பலர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் அது என்பதால் விட்டால் நீளும். 1989இல் வந்த குழந்தை உரிமை உடன்படிக்கை, போருக்கான வயதை 15 என்றுதான் வைத்திருந்தது. கிராசா மாஷேல் அம்மையார் போர்க்களப் பிள்ளைகளைப் பற்றி 1996இல் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கை உலகை உலுக்கியது. 2000ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை என்ற துணை ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 18 வயது ஆகாதவரை நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது, அரசுப் படை அல்லாத ஆயுதக் குழுக்கள் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றது அது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2002 பிப்ரவரி 12. அதனால்தான் இன்று கூடியிருக்கிறோம். இந்தியா 2005இல் அதை ஏற்றது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 83ஆம் பிரிவு இருக்கிறது: மத்திய அரசு தீவிரவாத அமைப்பு என்று அறிவித்த குழு எதுவும் பிள்ளைகளைச் சேர்த்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தன் வரலாற்றில் வழங்கிய முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்குத்தான். 2012 மார்ச்சில் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தோமா லுபாங்கா குற்றவாளி என்று தீர்ப்பானது. 14 ஆண்டு சிறை. இத்தனைக்குப் பிறகும், 2024 என்ற ஒரே ஆண்டில் படைகளிலும் குழுக்களிலும் சேர்க்கப்பட்டதாக ஐ.நா. சரிபார்த்து உறுதி செய்த பிள்ளைகள் 7,402 பேர். சரிபார்க்க ஆள் போக முடியாத ஊர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

காங்கோவையும் சூடானையும் பற்றிப் பேசுவது மதுரை மேடையில் எளிது. நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். பேசித்தான் ஆக வேண்டும்.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று நம்மைச் சுற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அப்படி ஒரு முகாமுக்கு ஆவண வேலையாகப் போயிருந்தபோது ஓர் அம்மாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். இலங்கையின் வடக்கே வன்னிக்காரர். செல்லடிக்கு, அதாவது பீரங்கிக் குண்டுக்குப் பயந்து வீட்டுக் கொல்லையில் பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டி வைத்திருந்தார்கள். ஆனால் செல் விழாத நாட்களிலும் அவர் தன் மகனை அதற்குள்தான் படுக்க வைத்தார். மேலே பலகை, பலகைக்கு மேல் பனையோலை, ஓலைக்கு மேல் விறகு. வீட்டுக்கொருவர் வர வேண்டும் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் கேட்ட காலம் அது. ‘பிள்ளை பிடிக்க வருகிறார்கள்’ என்று பக்கத்துத் தெருவிலிருந்து சேதி வந்தால் விறகை இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றுவாராம். மகளுக்குப் பதினாறு வயதில் தாலி கட்டி வைத்தார். தாலி கட்டிய பெண்ணைக் கூப்பிட மாட்டார்கள் என்று நம்பினார்கள். அப்படி அவசரமாகக் கழுத்தை நீட்டிய சிறுமிகள் வன்னியில் ஏராளம்.

2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் சேர்த்ததாக யுனிசெப் பதிவு செய்த சிறார் 6,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களிடமிருந்து பிரிந்த கருணா குழுவும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது. அரசுப் படையில் ஒரு சாரார் அதற்குத் துணைபோனார்கள் என்று ஐ.நா.வின் ஆலன் ராக் 2006இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று செஞ்சோலை என்ற சிறுமியர் இல்ல வளாகத்தில் இலங்கை விமானப்படை குண்டு வீசியதில் எத்தனையோ மாணவிகள் மாண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொல்ல வேண்டும். அரசு செய்ததைச் சொல்லி இயக்கம் செய்ததை மறைப்பதும், இயக்கம் செய்ததைச் சொல்லி அரசைக் காப்பாற்றுவதும் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். அந்த நாட்களில் இங்கே நம் மேடைகளில் பதினைந்து வயதுப் பிள்ளையின் சீருடைப் படத்தைக் காட்டி முழங்கியபோது நாம் கைதட்டினோம். அதே நேரத்தில் அந்த அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஈழத்து மக்களின் துயரம் நம் துயரம் என்றால், அந்த விறகும் நம்முடையதுதான்.

வீரன் என்று கைதட்டுவது ஒரு தவறு. கொலைகாரன் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. டொமினிக் ஓங்வென் என்பவரின் வழக்கைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். உகாண்டாவில் பள்ளிக்குப் போகும் வழியில், ஒன்பது வயதுவாக்கில், எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிக் குழு அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் குழுவுக்குள்ளேயே வளர்ந்து தளபதி ஆனார். 2021இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவர்மீது 61 குற்றங்களை உறுதி செய்து 25 ஆண்டு தண்டனை விதித்தது. அந்தக் குற்றங்களில் ஒன்று, பிள்ளைகளைப் படையில் சேர்த்தது. சிறுவனாகத் தூக்கப்பட்ட கொடுமையைக் கணக்கில் கொண்டு தண்டனையைக் குறைத்தார்கள். குற்றத்தை இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். அவரால் எரிந்த ஊர்களில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அந்த ஒன்பது வயதிலோ, பன்னிரண்டு வயதிலோ அவர் தப்பி ஊருக்கு ஓடி வந்திருந்தால்? அந்த ஊர் என்ன செய்திருக்கும்?

அதே உகாண்டாவில் அச்சோலி மக்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். காட்டிலிருந்து திரும்பி வரும் பிள்ளையை வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள். தரையில் ஒரு பச்சை முட்டையை வைத்து, அதை மிதித்து உடைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். வெளியூர் போய் வந்தவருக்கு நாம் வாசலில் ஆலம் சுற்றிக் கொட்டிவிட்டு உள்ளே அழைப்பதைப் போலத்தான். அங்கே பட்டது அங்கேயே போகட்டும், நீ எங்கள் பிள்ளை, உள்ளே வா என்கிறார்கள். அதற்காக எல்லாம் ஒரு முட்டையோடு தீர்ந்துவிடுவதில்லை. இரவில் அலறி எழுகிறார்கள், பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கிறது, பக்கத்து வீட்டார் முகம் திருப்புகிறார்கள். என்றாலும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். இலங்கையில் 2009க்குப் பிறகு சிறார் போராளிகள் என்று மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 594 பேர். இன்று அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டிய மனிதர்கள். அப்படி ஒருவரை நீங்கள் சந்தித்தால், எத்தனை பேரைச் சுட்டாய் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். என்ன படித்தீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாசலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஐயா, நீங்கள் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 12 அன்று, 101 நாடுகளிலிருந்து இரண்டரை லட்சம் செங்கைப் பதிவுகள், அதாவது சிவப்புச் சாயத்தில் பதித்த உள்ளங்கை அச்சுகள், நியூயார்க்கில் அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் கையில் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் திரட்டியவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்; ஒப்படைக்கப் போனவர்களில் முன்னாள் சிறார் போராளிகளும் இருந்தார்கள். அதனால் போர்கள் நின்றுவிடவில்லை. ஆனால் பிள்ளைகளைச் சேர்க்கும் படைகளின் பெயரை ஐ.நா. ஆண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் வருவதை அரசுகளும் குழுக்களும் வெட்கக்கேடாகவே பார்க்கின்றன, பெயரை எடுக்கச் சொல்லிப் பேச்சுக்கு வருகின்றன. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் இருந்தால்தான் அந்த வெட்கம் வரும். பார்க்கிற வேலையைத்தான் நீங்கள் செய்கிறீர்கள்.

பிள்ளை கையில் ஆயுதம் என்பது கடல் தாண்டிய சங்கதியும் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வன்மத்தோடு வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் பள்ளிச் சிறுவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024இல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறுகள் பள்ளிக்குள் கூடாது என்றது. இதையும் போர்க்களத்தையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கயிற்றை ஒரு பெரியவர்தான் கட்டிவிடுகிறார். ‘நம்ம பையன்’ என்று தட்டிக் கொடுப்பதும் பெரியவர்தான். வழக்கு வந்த பிறகு நீதிமன்ற வராந்தாவில் பிள்ளையின் அம்மா மட்டும் நிற்கிறார். தட்டிக் கொடுத்தவரை நான் ஒருநாளும் அங்கே பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை பள்ளிகளுக்குப் போகும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கடைசியாக இந்த மனு. எழுதியது மாணவர்கள், சட்டச் சொற்களை மட்டும் நான் திருத்திக் கொடுத்தேன். நம் நாட்டில் அக்னிவீர் என்ற நான்காண்டுப் படைப் பணிச் சேர்க்கைக்குக் குறைந்தபட்ச வயது பதினேழரை. காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் விரும்பிப் போகிறவர்கள். 18 ஆகும் வரை களத்துக்கு அனுப்புவதில்லை என்று இந்தியா ஐ.நா.விடம் உறுதியும் தந்திருக்கிறது. ஆகவே இது குற்றச்சாட்டு அல்ல, கோரிக்கை. ஓட்டுப் போட 18 என்று சொல்லும் நாடு, சீருடைக்கும் 18 என்று சொல்லட்டும். ஆறு மாதம்தான் வித்தியாசம். இந்தியா இதைச் செய்தால், பிள்ளைகளைப் பிடிக்கும் எந்தக் குழுவும் எந்த நாடும் நம்மைச் சுட்டிக்காட்டிச் சாக்குச் சொல்ல முடியாது. மதுரை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் இதை அனுப்புகிறோம். நகல் வாசல் மேசையில் இருக்கிறது. முழுதாகப் படித்துவிட்டு, உடன்பாடு இருந்தால் கையெழுத்திடுங்கள். 18 நிரம்பாதவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறார்கள். அதில் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் மறக்காமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.