சின்ன டப்பா, உலர்ந்த வண்ணம்

அன்பான நேயர்களே, வணக்கம். இந்தக் கோடையில் யாருக்காவது கைப்பட ஒரு பரிசு செய்து கொடுக்க நினைக்கிறீர்களா? சர்க்கரையும் எண்ணெயும் கலந்த, குளிக்கும்போது உடலில் தேய்த்துக் கழுவும் ஸ்க்ரப் நல்ல யோசனை. அடுப்பு வேண்டாம், பெரிய செலவும் இல்லை. கலப்பது எளிது, அதற்கு வண்ணம் ஏற்றும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். எனவே இன்று அதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் அளவு. பொடிமணிச் சர்க்கரை மூன்று பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. பிசைந்தால் ஈர மணல்போல் கையில் பிடிபட வேண்டும். சர்க்கரைக்குப் பதில் உப்பும் போடலாம்தான். ஆனால் சிறு கீறல் இருந்தாலும், அப்போதுதான் மழித்த தோலானாலும் உப்பு எரியும். பிறருக்குக் கொடுக்கும் பொருளுக்குச் சர்க்கரையே மேல். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே கோடையில் எண்ணெய் மேலே மிதந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்; கிளறினால் போதும்.

இனி வண்ணம். கேக்குக்கு ஊற்றும் திரவ வண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைத்தவை. எண்ணெயோடு சேராமல் திட்டுத் திட்டாக நிற்கும், சர்க்கரையையும் கரைக்கும். நமக்கு வேண்டியது உலர்ந்த பொடி. இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் பொடி, பச்சைக்கு ஸ்பைருலினா என்னும் பாசிப் பொடி, பழுப்புக்குக் கோகோ. பீட்ரூட்டின் நிறமி எண்ணெயில் கரையாது. தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். அதனால் தோலில் தங்காது. மஞ்சள் தூள் இதற்கு நேர்மாறு. அதன் நிறம் எண்ணெயில் நன்றாக இறங்கும், துண்டிலும் தோலிலும் ஏறிக்கொள்ளும். ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால், பரிசு வாங்கியவர் உங்களை வேறு விதமாக நினைவில் வைத்திருப்பார்! இந்த இயற்கை வண்ணங்கள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பதால் டப்பாவை ஜன்னலோரம் அழகுக்கு வைக்க வேண்டாம்.

மினுமினுப்புக்காக பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். குளியலறைத் தண்ணீரோடு அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரக்கூடும். கழுவிவிடும் அழகுப் பொருள்களில் பிளாஸ்டிக் நுண்மணிகளுக்கு அமெரிக்கா 2015இல் தடைச் சட்டம் இயற்றியதே இதனால்தான்.

எலுமிச்சை விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. கோடை என்றாலே எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழலாம், கருந்திட்டு பல வாரங்கள் நிற்கலாம். வெயில் காலப் பரிசில் இது எதற்கு? தவிர, சாறு என்றால் அதில் தண்ணீர். தண்ணீர் இல்லாத ஸ்க்ரப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் வளராது. தண்ணீர் புகுந்தால் கதை மாறும். வைட்டமின் ஈ எண்ணெய் சேர்த்தால் கெடாது என்பதும் பாதி உண்மைதான். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

ஈரக் கையை யாரும் விடாமல் இருப்பார்களா? மாட்டார்கள். அதனால்தான் பெரிய ஜாடியில் மூன்று வண்ண அடுக்கு போடுவதை நான் ஆதரிப்பதில்லை. பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு தடவை அள்ளியதும் இளஞ்சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றாகிச் சேற்று நிறம் வந்துவிடும். ஜாடி காலியாவதற்குள் ஈரமும் இறங்கிவிடும். அதே பொருளை மூன்று சின்ன டப்பாக்களில், டப்பாவுக்கு ஒரு வண்ணமாக அடைத்துக் கொடுங்கள். ஒன்று தீரும்வரை மற்ற இரண்டும் மூடியே இருக்கும். கண்ணாடி வேண்டாம், எண்ணெய்க் கையில் வழுக்கி விழுந்தால் குளியலறை முழுவதும் சில்லுகள்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் சேர்த்த பொருள்கள் அனைத்தும், முக்கியமாக எந்த எண்ணெய் என்பதும் இருக்க வேண்டும். பாதாம் எண்ணெய் ஒவ்வாதவர்கள் உண்டு. செய்த தேதி, உலர்ந்த கரண்டியால் எடுக்கவும், முகத்துக்கும் வெயிலில் கன்றிய தோலுக்கும் வேண்டாம், தரை வழுக்கும், கவனம். இவ்வளவும் எழுத இடம் போதாவிட்டால், பரிசு பெறுபவரின் பெயரைப் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.