டிம் டங்கன் விழா இல்லாமல் விடைபெற்றது சரியா? தேவகோட்டை அன்பரின் சந்தேகத்துக்கு விளக்கம்

தேவகோட்டையிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறார். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் டிம் டங்கனை மானசீகக் குருவாக வரித்துக்கொண்டவர். "19 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடியவர், விடைபெறும் ஆட்டம் என்று ஒன்றுகூட இல்லாமல், ஒரு செய்தியாளர் சந்திப்புகூட வைக்காமல் விலகினாரே, இது ரசிகர்களுக்குச் செய்த மரியாதைக் குறைவு இல்லையா? இதைப் போய் அடக்கம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்பது அவருடைய கேள்வி.

ஐயா, கேள்வி நியாயமானதுதான். நம் காரைக்குடிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஓய்வு பெற்றாலே சால்வை, மாலை, தெருமுனையில் பிளக்ஸ், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று நிறைவாக அனுப்பிவைக்கிறோம். அதையே மரியாதை என்று பார்த்து வளர்ந்த நமக்கு, 2016 ஜூலை 11 அன்று அவருடைய அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் நிர்வாகம் வெளியிட்ட ஓர் அறிக்கையோடு அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் காலம் முடிந்தது உறுத்தத்தான் செய்யும். அதே 2015–16 பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரயண்ட், பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு, ஊர் ஊராக ரசிகர்களிடம் விடைபெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்துவிட்டுப் போனார். அதில் எந்தக் குறையும் இல்லை. அவருடைய அணி அந்தப் பருவத்தில் வெற்றிக் கோப்பைக்கான போட்டியிலேயே இல்லை. ஆகவே ரசிகர்கள் அவரைக் கொண்டாட இடம் இருந்தது.

டங்கனின் நிலை வேறு. அவர் ஆடிய 19 பருவங்களிலும் ஸ்பர்ஸ், பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்குச் சென்றது. 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து முறை கோப்பையை வென்றது. கடைசிப் பருவத்திலும் அணி கோப்பையைக் குறிவைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் "இது என் கடைசி ஆண்டு" என்று அவர் அறிவித்திருந்தால், போகும் ஊரெல்லாம் பேச்சு அவரைப் பற்றியதாகவே இருந்திருக்கும். தன்னால் அணியின் கவனம் சிதறக் கூடாது என்று நினைத்து வாழ்ந்த மனிதர் அதை விரும்பியிருக்க மாட்டார் என்பது என் கருத்து.

இதைக் கூச்ச சுபாவம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பயிற்சியாளர் கிரெக் போபோவிச் எல்லோர் முன்னிலையிலும் டங்கனைக் கண்டிப்பார். இரண்டு முறை என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வார். அவரே கேட்டுக்கொள்ளும்போது, புதிதாக வந்த வீரன் எந்த முகத்தோடு முறைத்துக்கொள்ள முடியும்? 2012இல் அவருடைய ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 கோடி டாலரிலிருந்து ஒரு கோடிக்கும் கீழே இறங்கியபோது, வீரர்களின் மொத்த ஊதியத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்புக்குள் மற்ற வீரர்களை வைத்துக்கொள்ள அணிக்கு வழி பிறந்தது. அணியைக் கட்டிக் காத்தது இந்த அடக்கம்தான்.

உணர்ச்சியற்றவர் என்று சொல்பவர்கள் மயாமி ஹீட் அணியிடம் தோற்ற 2013 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது, அணி இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது. வளையத்துக்கு மிக அருகிலிருந்து அவர் போட்ட பந்து உள்ளே விழவில்லை, திரும்பி வந்த பந்தைத் தட்டியதும் விழவில்லை. தடுப்பாட்டத்துக்கு ஓடிவந்து குனிந்து, இரு கைகளாலும் தரையை ஓங்கி அறைந்தார். மறு ஆண்டு அதே மயாமி அணியை 4–1 என்று வென்றபோது அவருக்கு வயது 38.

ரசிகர்களுக்கு விடைபெறும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதும் முழு உண்மை அன்று. 2016 டிசம்பர் 18 அன்று, ஓர் ஆட்டம் முடிந்த பிறகு, அணியின் சொந்த அரங்கிலேயே, அந்த எண்ணை இனி வேறு யாரும் அணியாதபடி, அவருடைய 21ஆம் எண் சட்டையை மரியாதையாக உயரே ஏற்றினார்கள். அவரும் வந்து பேசினார். 2019–20 பருவத்தில் அதே அணிக்குத் துணைப் பயிற்சியாளராகவும் வந்தார். விழாவை வெறுத்த மனிதராக எனக்கு அவர் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருக்கும் வரை விழாவுக்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். டங்கனைப் பிடிக்கும் என்றால் அவருடைய பலகை அடியைப் பழகட்டும். வளையத்துக்கு இடப்பக்கம், சாய்கோணத்தில், ஏழெட்டு அடி தள்ளி நின்று, பலகையில் வரைந்த சிறு கட்டத்தின் தன் பக்கத்து மேல்மூலையைப் பார்த்துப் பந்தை மென்மையாக விட வேண்டும். பலகையில் பட்டு அது தானே உள்ளே இறங்கும். எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் அடித்தால் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது. ஆனால் இரண்டுக்கும் கிடைக்கும் புள்ளி சமம்தான், முழங்கால் தளர்ந்த வயதிலும் இது கைகொடுக்கும்.