அவரா, அவனா? ஃபிரெட் ஹாம்ப்டன் படத்தைப் பார்த்த பிறகு

வணக்கம் நண்பர்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். போன காணொளியில் என் குரலைவிட அதன் கடகடப்புதான் அதிகம் கேட்டது என்று திட்டியிருந்தீர்கள். ஆகவே இன்று வியர்த்துக் கொட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய படம் ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’. ஷாகா கிங் இயக்கி 2021இல் வந்தது. இந்த ஜூடாஸ் வேறு யாருமில்லை, முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ்தான். ‘கறுப்பு மெசையா’ என்பதை இயக்குநர் தன் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. 1968 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் கிளை அலுவலகங்களுக்கு அனுப்பிய குறிப்பிலேயே அது இருக்கிறது. கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய ஒரு ‘மெசையா’ எழுந்துவிடாமல் தடுக்க வேண்டுமாம். அரசாங்கக் கோப்பு ஒன்றில் வேதாகமச் சொல்!

முடிவைச் சொல்லிவிடப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது 1969இலேயே முடிந்துபோன கதை.

வில்லியம் ஓ’நீல் சிகாகோவில் கார் திருடி மாட்டிக்கொண்டவன். சிறைக்குப் போகிறாயா, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் கருஞ்சிறுத்தைக் கட்சிக்குள் (பிளாக் பேந்தர்ஸ்) புகுந்து எங்களுக்கு உளவு சொல்கிறாயா என்று எஃப்.பி.ஐ. அதிகாரி கேட்கிறார். அவன் புகுந்துவிடுகிறான். இல்லினாய் கிளையின் பாதுகாப்புப் பொறுப்பே அவன் கைக்கு வருகிறது. அந்தக் கிளையின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதுவது என் வழக்கம். ஹாம்ப்டனுக்கு ‘அவர்’ என்றும் ஓ’நீலுக்கு ‘அவன்’ என்றும் கை தானாக எழுதிக்கொண்டே போனது. தமிழில் இந்த வசதி ஒன்று உண்டு, தீர்ப்பை விகுதியிலேயே எழுதிவிடலாம். படம் முடிந்த பிறகு பிறந்த தேதிகளைப் பார்த்தேன். ஹாம்ப்டன் பிறந்தது 1948 ஆகஸ்ட் 30. கொல்லப்பட்டது 1969 டிசம்பர் 4. இருபத்தொரு வயது! என் தெருவில் இருந்திருந்தால் தம்பி என்றுதான் கூப்பிட்டிருப்பேன். அப்போது ஓ’நீலுக்கு இருபது. அதே இரவில் கொல்லப்பட்ட கட்சித் தோழர் மார்க் கிளார்க்குக்கு இருபத்திரண்டு.

படத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். படப்பிடிப்பின்போது ஹாம்ப்டனாக நடித்த டேனியல் கலூயாவுக்கு முப்பது வயது. ஓ’நீலாக நடித்த லகீத் ஸ்டான்ஃபீல்டுக்கு இருபத்தெட்டு. இரண்டு பேரும் அபாரமாக நடித்திருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. கலூயா மேடையேறிப் பேசும்போது என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. (அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஸ்டான்ஃபீல்டையும் அதே துணை நடிகர் பிரிவில்தான் பரிந்துரைத்தார்கள். யூதாசும் துணை, மெசையாவும் துணை என்றால் கதாநாயகன் யார் ஐயா?) ஆனால் திரையில் நாம் பார்ப்பது முதிர்ந்த ஒரு தலைவரையும், தெரிந்தே துரோகம் செய்யும் ஓர் ஆளையும். நடந்ததோ வேறு. அனுபவமுள்ள அதிகாரிகள் ஒரு விடலைப் பையனைப் பிடித்து இன்னொரு பையனுக்கு எதிராக ஏவிவிட்டார்கள். முகங்களில் அந்த இளமை தெரிந்திருந்தால் பார்ப்பவர்களின் கோபம் ஓ’நீலிடம் நிற்காமல் மேலதிகாரிகள் வரை போயிருக்கும்.

ஹாம்ப்டன் அரசியலுக்கு வந்த வழியைப் படம் தொடவே இல்லை. சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் வேண்டும் என்று கேட்டுத் தொடங்கியவர். இன்று அந்த ஊரின் நீச்சல்குளத்துக்கு அவர் பெயர். 71 டாலர் மதிப்புள்ள ஐஸ்கிரீமைப் பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்ற வழக்கில் அவருக்கு விதித்த தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை.

படம் நன்றாகக் காட்டுவது அவருடைய கூட்டணியை. வெள்ளையின ஏழை இளைஞர்களின் ‘யங் பேட்ரியட்ஸ்’ கூட்டத்துக்குப் போகிறார். சுவரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு, உங்களைச் சுரண்டுபவர்களும் எங்களைச் சுரண்டுபவர்களும் ஒரே ஆட்கள்தான் என்ற பொருளில் பேசுகிறார். புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் ‘யங் லார்ட்ஸ்’ அமைப்பும் சேர்ந்து, அதுதான் ‘வானவில் கூட்டணி’ ஆனது. துப்பாக்கியைவிட எஃப்.பி.ஐ.யை இதுதான் அதிகம் பயமுறுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

சிறுத்தை என்ற பெயர் நமக்கும் அன்னியம் இல்லை. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜெ.வி. பவாரும் நண்பர்களும் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது இவர்களைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அது மதுரைக்கு வந்து, பிறகு விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. அதைப் பேசத் தனிக் காணொளி வேண்டும்.

அந்த இரவுக்கு வருகிறேன். மேற்கு மன்ரோ தெரு, 2337ஆம் எண் வீடு. விடியும் முன் பதினான்கு போலீஸ்காரர்கள் நுழைகிறார்கள். வீட்டின் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தது ஓ’நீல். ஹாம்ப்டன் எங்கே படுப்பார் என்பது முதற்கொண்டு அதில் குறித்திருந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த அவருடைய காதலி டெபோரா ஜான்சன் நிறைமாதக் கர்ப்பிணி. டெபோராவை வெளியே இழுத்து வந்த பிறகு உள்ளே இரண்டு வெடிச் சத்தம். ஷாகா கிங் உள்ளே காட்டவில்லை. கேமரா டெபோராவின் முகத்தை விட்டு நகர மறுக்கிறது. அந்த ஒரு முடிவுக்காகவே இயக்குநருக்குக் கை கொடுப்பேன்.

படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். சிறுத்தைகள்தான் எங்களைச் சுட்டார்கள் என்றது போலீஸ். அரசு வழக்கறிஞர் ஹன்ராஹன் அதற்குச் சான்றாகப் புகைப்படங்களைக் கொடுக்க, ‘சிகாகோ டிரிப்யூன்’ வெளியிட்டது. இதோ பாருங்கள், எங்களை நோக்கிச் சுட்ட குண்டுகளின் துளைகள்! வேறு நிருபர்கள் வீட்டுக்குப் போய்க் கதவுச் சட்டத்தை உற்றுப் பார்த்தார்கள். துளை இல்லை, ஆணித்தலை. மரத்தில் அடித்த சாதாரண ஆணி! போலீஸ் வீட்டுக்கு முத்திரை வைக்க மறந்திருந்தது. சிறுத்தைகள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் குளிரில் வரிசையில் நின்று, சல்லடையான சுவர்களையும் ரத்தம் ஊறிய மெத்தையையும் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னர் கூட்டாட்சிப் பெருநடுவர் குழு (வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் பொதுமக்கள் குழு) எண்ணிப் பார்த்தது. போலீஸ் சுட்டவை எண்பதுக்கும் மேல். சிறுத்தைகள் பக்கத்தில் சுட்டது ஒன்றே ஒன்று. இந்த ஆணிகளை விட்டுவிட்டு ஒரு படத்தை முடிக்க எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 1982இல் அமெரிக்க அரசும் கவுன்டி (மாவட்ட) நிர்வாகமும் சிகாகோ நகரமும் சேர்ந்து 18.5 லட்சம் டாலர் இழப்பீடு தந்து வழக்கை முடித்துக்கொண்டன.

ஓ’நீலுக்கு எஃப்.பி.ஐ. கொடுத்த ஊக்கத்தொகை 300 டாலர். முப்பது வெள்ளிக்காசு ஞாபகம் வருகிறதா? இருபது ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பேட்டி கொடுத்தார். படத்தின் கடைசியில் அதன் ஒரு துண்டு வருகிறது. உங்கள் மகனிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். நானும் அந்தப் போராட்டத்தில் இருந்தேன் என்கிறார். 1990 ஜனவரி 15 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அன்றே சிகாகோ நெடுஞ்சாலையில் கார் மோதி இறந்தார். தற்கொலை என்று பதிவு செய்தார்கள். நாற்பது வயது.

இந்தக் காணொளியில் அவரை முதலில் ‘அவன்’ என்றேன், இப்போது ‘அவர்’ என்கிறேன். வெட்டித் திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மின்விசிறியைப் போடப் போகிறேன், வணக்கம்.